ஷெர்மன் டாங்கி கிட் வாங்கும் முன்

ஷெர்மன் டாங்கியின் மாதிரி கிட் (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் சிறு மாதிரி) வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, எந்த ஊர், எந்த மாதம் என்பது. அந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கம்பெனி பற்றிய கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஷெர்மன் என்ற பெயரில் 1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 49,000 வண்டிகள் உருவாயின. கார் கம்பெனிகள் செய்தன, ரயில் எஞ்சின் செய்தவர்கள் செய்தார்கள், ரயில் பெட்டி செய்தவர்களும் செய்தார்கள். டாங்கிக்கென்றே போதுமான எஞ்சின் கிடைக்காததால், கிடைத்த எஞ்சினுக்கு ஏற்ப உடலை மாற்றிக்கொண்டே போனார்கள். உடலை வார்த்தும் செய்தார்கள், தகடுகளை வெல்டிங் செய்தும் செய்தார்கள். முன்தகட்டின் சாய்வு மாறியது, பீரங்கி மாறியது, சஸ்பென்ஷன் மாறியது. ஆகவே பெட்டியின் மேல் 'ஷெர்மன்' என்று மட்டும் பார்த்து வாங்கினால், உங்கள் மனத்தில் இருக்கும் வண்டி உள்ளே இருக்கும் என்பதற்கு உறுதியே இல்லை.

நான் கோவையில் வார்ப்படச்சாலையில் வேலை பார்த்தவன். பம்ப் உடல்களை மணல் அச்சில் வார்ப்பதும், அச்சு பிரிந்த பிறகு வார்ப்பின் முகத்தைத் தடவிப் பார்த்துத் தேர்ச்சி செய்வதும் என் பிழைப்பாக இருந்தது. ஷெர்மன் மீது எனக்குப் பிடிப்பு வந்ததற்குக் காரணமும் அதுதான். மனிதர்கள் வார்த்த பெரிய உருப்படிகளில் அதன் உடலும், பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூடான டரட்டும் சேரும்.

முதலில் புகைப்படம்

கடைக்குப் போகுமுன் ஒரு புகைப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகமும் இரண்டாம் உலகப் போர்ப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு இடம், முடிந்தால் தேதியுடன். அந்தப் படத்தை அச்செடுத்து மேசை மீது வையுங்கள். இனி நீங்கள் வாங்கப் போவது அந்த வண்டியை.

தேதி ஏன் முக்கியம் என்றால், அது பல கிட்களை ஒரே வீச்சில் விலக்கிவிடும். ஷெர்மன் முதலில் பெரிய அளவில் போருக்குப் போனது 1942 அக்டோபரில், எல் அலமைனில், பிரிட்டிஷ் படையினரிடம். 1943 நவம்பரில் தராவா தீவில் அமெரிக்க மரீன்கள் இறக்கியது டீசல் எஞ்சின் கொண்ட எம்4ஏ2. (ஷெர்மனின் அமெரிக்க ராணுவப் பெயர் எம்4; ஏ1, ஏ2 என்று பின்னால் வருபவை அதன் வகைகள்.) 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்தில் நீண்ட 17 பவுண்டர் பீரங்கியுடன் பிரிட்டிஷாரின் ஃபயர்ஃப்ளை என்ற ஷெர்மன் வகை இருந்தது. ஆனால் அமெரிக்கர்களின் 76 மி.மீ. பீரங்கி ஷெர்மன் அன்று கரையேறவில்லை. ஜூலை இறுதியில் நார்மண்டியில் அமெரிக்கர்கள் தொடங்கிய கோப்ரா தாக்குதலில்தான் அது முதலில் களமிறங்கியது. அகலமான சங்கிலிப்பட்டை கொண்ட எம்4ஏ3ஈ8, 'ஈஸி எயிட்' என்று எல்லோரும் விரும்பும் வகை, ஐரோப்பிய முனைக்கு வந்து சேர்ந்தது 1944 டிசம்பர் கடைசியில். நார்மண்டிக் கடற்கரைக் காட்சி அமைக்க ஈஸி எயிட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அழகாகவே கட்டியிருந்தார்கள், ஆனால் அந்த மணலில் அந்த வண்டி நின்றதே இல்லை.

எனக்குப் பிடித்த களம் மத்திய பர்மாவின் மெய்க்தீலா, 1945 பிப்ரவரி, மார்ச். ஐராவதி ஆற்றைக் கடந்த பிறகு 17ஆவது இந்திய டிவிஷனும் 255ஆவது இந்திய டாங்கி பிரிகேடும் வறண்ட சமவெளி வழியே அந்த நகரை நோக்கி விரைந்தன. பிரிகேடில் புரோபின்ஸ் ஹார்ஸ், ராயல் டெக்கான் ஹார்ஸ் என்ற ரெஜிமென்ட்கள் ஓட்டியவை ஷெர்மன்கள். இவர்களுடன் கவச கார்களில் போனது 16ஆவது லைட் கேவல்ரி. பழைய மதராஸ் ராணுவத்தின் குதிரைப்படையிலிருந்து வழிவழியாக வந்த ரெஜிமென்ட் அது. அப்போது அதற்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் இந்திய ராணுவத் தளபதியான ஜே.என். சவுத்ரி. மெய்க்தீலாவில் ஜப்பானிய வீரர்கள் சிலர் விமானக் குண்டைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு குழிக்குள் காத்திருந்தார்கள். டாங்கி மேலே வந்ததும் வெடிக்கச் செய்வதற்காக. அதனால் காலாட்படை டாங்கிகளை ஒட்டியே நடந்தது. இதைப் படித்த பிறகு வெறும் டாங்கியை மட்டும் மேடையில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பிரிகேடின் ஷெர்மன்கள் எம்4ஏ4 வகை. பிரிட்டிஷ் வழக்கில் ஷெர்மன் 5. இந்த ஒரு தகவலை வைத்துத் தேடினாலே கடையில் உள்ள பெரும்பாலான பெட்டிகள் கழிந்துவிடும்.

படத்தை மூக்கிலிருந்து வால்வரை படியுங்கள்

மூக்கில் தொடங்குங்கள். முன்னால் கீழே இருக்கும் வளைந்த மூடி, கியர்களை மறைப்பது. அது மூன்று துண்டுகளாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கிறதா, ஒரே வார்ப்பா? போல்ட் வரிசைகள் செங்குத்தாக இரண்டு இடத்தில் தெரிந்தால் மூன்று துண்டு, அதாவது முந்தைய காலம். எம்4ஏ4-இல் இந்த மூன்று துண்டு மூக்குதான்.

அடுத்தது ஓட்டுநர் உட்காரும் முன்தகடு. முந்தைய வண்டிகளில் அது அதிகமாகச் சாய்ந்து, ஓட்டுநருக்கும் துணை ஓட்டுநருக்கும் முன்னால் இரண்டு புடைப்புகள் இருக்கும். தலைக்கு மேலுள்ள மூடிகள் சிறியவை. பிந்தைய வண்டிகளில் தகடு நிமிர்ந்து, புடைப்பு மறைந்து, மூடிகள் பெரிதாயின. கிட் பட்டியல்களில் 56 டிகிரி, 47 டிகிரி என்று குறிப்பிடுவது இதைத்தான். சிறிய மூடி, பெரிய மூடி என்றும் சொல்வார்கள்.

பக்கவாட்டில் கூடுதல் தகடுகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். உள்ளே குண்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்கு நேரே, வலப்பக்கம் இரண்டும் இடப்பக்கம் ஒன்றும் வெல்டிங் செய்திருப்பார்கள். பின்னர் எம்4ஏ3-இன் 47 டிகிரி உடலில் குண்டுகளைத் தரைப்பகுதிக்கு இறக்கி, நீர் நிரப்பிய உறைகளுக்கு நடுவே வைத்தார்கள்; அந்த உடலுக்குக் கூடுதல் தகடு தேவைப்படவில்லை. இவோ ஜிமாவில் மரீன்களின் ஷெர்மன்களில் தகடுகளுக்குப் பதில் மரப்பலகைகளே தெரியும். காந்தக் கண்ணிவெடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்தப் பலகைகளைக் கிட்டில் தேட வேண்டாம், தீக்குச்சி மரத்தில் நாமே செய்துகொள்ளலாம்.

பிறகு சக்கரங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் கூடுகள்), போகிக்கு இரண்டு சக்கரம். எம்4ஏ4-க்குக் கிறைஸ்லர் கொடுத்த எஞ்சின், ஐந்து கார் எஞ்சின்களை ஒரே தண்டைச் சுற்றிப் பிணைத்தது. மொத்தம் 30 சிலிண்டர். அது உள்ளே அடங்காததால் உடலின் பின்பகுதியை 11 அங்குலம் நீட்டினார்கள். போகிகளுக்கு இடையே இடைவெளி அகன்றது. சங்கிலிப்பட்டையில் மற்ற வகைகளுக்கு ஒரு பக்கம் 79 கண்ணிகள் என்றால் இதற்கு 83. டரட்டுக்குப் பின்னால் எஞ்சின் தளத்தின் மேல், குளிர்விக்கும் விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடம் கொடுக்க ஒரு புடைப்பும் இருக்கும். 11 அங்குலம் 1/35 அளவில், அதாவது உண்மையில் 35-இல் ஒரு பங்காக, 8 மி.மீ. ஆகச் சுருங்கும். கைப்பிடி அளவே உள்ள மாதிரியில் 8 மி.மீ. என்பது நன்றாகவே தெரியும் வேறுபாடு. சாதாரண எம்4 கிட்டை வாங்கி மெய்க்தீலா என்று பெயரிட முடியாமல் போவது இதனால்தான்.

கடைசியாக எஞ்சின் தளம். மேலிருந்து எடுத்த படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எம்4, எம்4ஏ1 இரண்டிலும் மூடிய தகடு. எம்4ஏ2, எம்4ஏ3 இரண்டிலும் காற்றுப் போகும் கம்பிச் சட்டங்கள், அடுக்கு மட்டும் வேறு. படத்தில் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் எந்தப் படைப்பிரிவு என்பதைக் கொண்டு வகையை ஊகிக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டிஷ் பெயர்களுக்கு ஒரு குறிப்பு. எம்4 என்றால் ஷெர்மன் 1. எம்4ஏ1 என்றால் 2. இப்படியே எம்4ஏ4 என்றால் 5. எண்ணுக்குப் பின்னால் ஏ வந்தால் 76 மி.மீ. பீரங்கி, பி என்றால் 105 மி.மீ. ஹோவிட்சர், சி என்றால் 17 பவுண்டர், ஒய் என்றால் புதிய அகல சஸ்பென்ஷன். ஆக ஷெர்மன் 5சி என்ற பெட்டி எம்4ஏ4 உடல் மேல் ஃபயர்ஃப்ளை பீரங்கி. உடல் சரி, ஆனால் பர்மாவில் இருந்தவை 75 மி.மீ. பீரங்கி வண்டிகள், டரட்டின் பின்னால் வானொலிக்காக ஒட்டிய பெட்டியும், முன் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துவிட்டு அடைத்த தகடும் இங்கே பொருந்தா. 75 மி.மீ. டரட் தனியாகக் கையில் இருந்து, முன்தகட்டைத் திருத்தவும் தயார் என்றால் மட்டும் 5சி-யை இதற்கு வாங்கலாம்.

பெட்டிக்குள் இருக்கும் அச்சின் வயது

வகை முடிவான பிறகு ஒரே வகைக்குப் பல பெட்டிகள் நிற்கும். இங்கே கவனிக்க வேண்டியது அச்சு எப்போது வெட்டப்பட்டது என்பது. பெட்டியில் புதுப் படம் போட்டு, புது எண் கொடுத்து, பல ஆண்டுகளுக்கு முந்தைய அச்சிலிருந்து வார்த்த பாகங்களை விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அந்த அச்சின் வம்சாவளி வரிசையாக வரும். வாங்குமுன் தவறாமல் பாருங்கள்.

பழைய அச்சு என்றால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா 1/35 என்ற அளவுக்கு வந்ததே 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட பாந்தர் டாங்கிக்குள் பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதால்தான். அந்த வழியில் 1970களில் வந்த பல கிட்களின் அடித்தட்டில் சுவிட்சுக்கும் மோட்டாருக்குமான துளைகள் இன்னும் இருக்கும். அடைத்துத் தேய்த்தால் போதும், உப்புத்தாள் வேலைதான். பெரிய குறை வேறு: சங்கிலிப்பட்டைக்கு மேலே உடல் வெளியே நீளும் பகுதியின் அடித்தளம் அவற்றில் இருக்காது. வண்டியைச் சற்று உயர்த்திப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு தெரியும். பாக வரைபடத்தில் அந்த அடித்தளம் தனித் துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் தகடு வெட்டி அடைக்க மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஷெர்மனுக்கென்றே உழைத்த பெயர் என்று நான் சொல்வது அசுகா, முன்பு டாஸ்கா என்ற பெயரில் இருந்தது. போகிக்குள் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு வைக்கச் சொல்வார்கள். சக்கரம் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். மேடையில் கரடுமுரடான தரை அமைப்பவருக்கு இது பெரிய வசதி. டாமியா 2015இல் வெளியிட்ட எம்4ஏ3ஈ8, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில் நான் கட்டியவற்றில் மிகச் சிறந்தது. எம்4ஏ2 வேண்டும், விலை கூடாது என்பவருக்கு ஸ்வெஸ்டா. சோவியத் யூனியனுக்கு 4,000க்கும் மேற்பட்ட எம்4ஏ2-கள் போயின. அந்தக் களத்தில் ஆர்வமுள்ளவருக்கு அதுவே நேரடி வழி.

சங்கிலிப்பட்டை

கிட் தேர்வில் மக்கள் பதறுவது சங்கிலிப்பட்டையைப் பார்த்துத்தான். பெட்டியில் மூன்று விதமாக வரும்: ஒரே நீள ரப்பர் பட்டை, நேரான பகுதி ஒரே துண்டாகவும் வளைவுகளில் தனிக் கண்ணிகளாகவும் வருவது, எல்லாமே தனித்தனிக் கண்ணி. ரப்பர் பட்டை என்றாலே மட்டம் என்று பலர் எழுதுகிறார்கள். ஜெர்மன் டைகருக்கும் சோவியத் டி-34க்கும் அது உண்மை. அவற்றின் கண்ணிகள் வெறும் ஊசியில் தொங்குவதால் பட்டையின் மேல்பகுதி தளர்ந்து சக்கரங்கள் மேலேயே படிந்து கிடக்கும்; விறைப்பான ரப்பர் பட்டை அந்தத் தொய்வைக் காட்டவே காட்டாது. ஷெர்மனின் கண்ணிகளுக்குள் ரப்பர் புஷ் உண்டு, மேலே தாங்கும் உருளைகள் உண்டு. பட்டை இழுத்துக் கட்டியபடியே ஓடும். அதனால் ஷெர்மனுக்கு ஒற்றை ரப்பர் பட்டை தோற்றத்தில் பெரிதாகக் குறை வைக்காது. டைகர் கட்டியவர் சொன்ன அறிவுரையை ஷெர்மனுக்குப் பொருத்தி நூற்றுக்கணக்கான ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

தனிக் கண்ணிகள் எவ்வளவு வேலை என்பதையும் கணக்குப் போட்டுவிடுங்கள். பக்கத்துக்கு 79 என்றால் இரண்டு பக்கமும் 158 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரு முனையிலும் இணைப்புத் துண்டு, அவை 316. பாகங்களைத் தனித்தனியாகக் கொடுக்கும் கிட்டில் சங்கிலிக்கு மட்டும் 474 துண்டுகளை வெட்டி, வெட்டுத் தழும்பைத் தேய்த்துக் கோக்க வேண்டும். பொறுமையாளருக்கு இது இன்பம்தான், எனக்கும் பிடிக்கும். முதல் கிட்டுக்கு வேண்டாம்.

கண்ணியின் முக வடிவத்தையும் படத்தோடு ஒப்பிடுங்கள். மழுமழுவென்ற ரப்பர் முகம் டி51. அம்பு முனை போன்ற வரி ரப்பரில் வந்தால் டி48, எஃகில் வந்தால் டி54ஈ1. கிட்டுக்குள் இருப்பது படத்தில் இருப்பது அல்ல என்றால், மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கும் என்பதால் அதற்காகவே ஒரு கிட்டை ஒதுக்க வேண்டியதில்லை. பழைய கிட்டை இரண்டாம் கையாக வாங்கினால் மட்டும் ரப்பர் பட்டையை வளைத்துப் பாருங்கள். நாட்பட்டது இறுகிப்போய் வெடிக்கும்.

வார்ப்பு முகம்

என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். எம்4ஏ1-இன் மேல் உடல் வார்ப்பு. மற்ற வகைகளில் உடல் வெல்டிங் தகடானாலும் டரட் வார்ப்புதான், மூக்கு மூடியும் வார்ப்புதான். எம்4ஏ1-இன் மூலைகள் எல்லாம் உருண்டு திரண்டிருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லை. மணல் அச்சில் கூர்மூலை விட்டால் உலோகம் குளிரும்போது அங்கேதான் விரிசல் விடும். அதனால் மூலைக்கு ஆரம் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே எம்4ஏ1 கிட்டில் மூலைகள் கத்தி போலக் கூர்மையாக இருந்தால் அதை அச்சு வெட்டியவர் வார்ப்பைப் பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

மேற்பரப்பைப் பொறுத்தவரை இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். பழைய கிட்களில் டரட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். சில புதிய கிட்களில் நேரெதிர், ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளம். கணக்கு எளிது: உண்மையான வார்ப்பில் 1 மி.மீ. மேடு இருந்தால் 1/35-இல் அது 0.03 மி.மீ. நகத்தால் வருடினால் மெல்ல உராய வேண்டும், ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்த்தால் பெயின்ட் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் போனால் தவறு. வழுவழுப்பான டரட்டை எளிதில் சரி செய்யலாம். மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான அடிப்பூச்சை முடி குறைந்த பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் மேடுகளை அடக்கினால் போதும். மிகையாகச் செதுக்கியதைத் தேய்த்துக் குறைப்பதுதான் பாடு. எனவே இரண்டில் ஒன்று என்றால் வழுவழுப்பான கிட்டை வாங்குங்கள்.

டரட்டின் பக்கத்தில் வார்ப்பு எண்கள் புடைப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 75 மி.மீ. டரட்டின் முந்தைய வார்ப்புக்கு டி50878 என்பது பாக எண். சில கிட்களில் இது ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எழுத்தில் வந்துவிடுகிறது. சிலவற்றில் தனி எழுத்துகளாகக் கொடுத்து வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். பெயின்ட் உலர்ந்த பிறகு மங்கிய நிறத்தை மெல்ல உரசினால் அந்த எண் எழுந்து வரும். ஒரு வார்ப்படத் தொழிலாளி மர மாதிரியில் பதித்த எழுத்து அது. அதைக் கொடுக்கும் கிட்டுக்கு நான் கொஞ்சம் கூடுதல் விலை தருவேன்.

அளவும் மேசையும்

1/35-இல் ஷெர்மன் ஏறத்தாழ 17 செ.மீ. நீளம், 1/48-இல் 12, 1/72-இல் 8. உருவப் பொம்மைகளும் மாற்றுப் பாகங்களும் அதிகம் கிடைப்பது 1/35-க்கு. அலமாரி சிறியது, பல வண்டிகள் வேண்டும் என்பவருக்கு 1/48 மிக நல்ல அளவு. டாமியாவின் அந்த வரிசையில் தொடக்ககால கிட்கள் பலவற்றில் அடி உடல் உலோக வார்ப்பு, கையில் கனமாக உட்காரும். 1/72 கண் நன்றாக இருப்பவர்களுக்கு. 1/16 எனக்கு வேண்டாம், 37 செ.மீ. வண்டியை வைக்க இடமும் பூச ஏர்பிரஷ்ஷும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

உள்ளமைப்பு கொண்ட கிட்கள் தனி ரகம். ரை ஃபீல்ட் ஷெர்மனுக்கும், மினிஆர்ட் அதற்கு முந்தைய எம்3 லீ டாங்கிக்கும் எஞ்சின், இருக்கை, குண்டு அடுக்கு எல்லாவற்றோடும் கொடுக்கின்றன. என் அக்கா மகன் முதல் கிட்டாகவே அப்படியொன்றைக் கேட்டான்.

"உள்ளே இருப்பது எல்லாம் தெரியும் அல்லவா, மாமா?" என்றான்.

"மேல் உடலை ஒட்டாமல் வைத்தால் தெரியும், கண்ணா. ஒட்டிவிட்டால் இரண்டு மூடி வழியே இருட்டுதான் தெரியும். நீ ஒட்டுவாயா, மாட்டாயா?"

ஒட்டுவேன் என்றான். அவனுக்கு டாமியாவின் ஈஸி எயிட்டைக் கைகாட்டினேன். திறந்து வைத்துக் காட்டப் போகிறவர் மட்டும் உள்ளமைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். இம்பால் போரில், 1944 ஏப்ரலில் நுன்ஷிகும் குன்றின் முகட்டில் ஏறிய 3ஆவது காரபினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டின் லீ டாங்கியை அப்படித் திறந்து காட்ட எனக்கு ஆசை உண்டு. அந்த வண்டிக்குள் ஆட்கள் எவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருந்தார்கள் என்பதை வெளியே இருந்து பார்த்தால் புரியாது.

பித்தளைத் தகடு பாகங்களுக்கும் இதே கேள்விதான். விளக்குக் காவல் கம்பிகளுக்குப் பித்தளை உண்மையிலேயே நல்லது, பிளாஸ்டிக்கில் அந்த மெல்லிய கனம் வராது. கருவிப் பெட்டிப் பூட்டின் கொக்கி வரை பித்தளையில் கொடுக்கும் கிட் எனக்குத் தேவையில்லை. தகட்டை மடக்கக் குறடும், ஒட்டச் சூப்பர் குளூவும் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பசை பித்தளையைப் பிடிக்காது.

உருவப் பொம்மைகள் கிட்டோடு வந்தால் உடையைப் பாருங்கள். பெரும்பாலும் ஐரோப்பியக் குளிருக்கான மேல்சட்டை. பர்மாவுக்கு அது உதவாது. அந்தப் பணத்தைத் தனிப் பொம்மைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பாகை கட்டிய சீக்கியப் படைவீரர்கள் இல்லாத மெய்க்தீலாவை எனக்குக் கற்பனை செய்யவும் முடியவில்லை.

பெட்டி கைக்கு வந்ததும்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் அனுப்புச் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். உள்ளூர்க் கடையின் விலை அப்போது அவ்வளவு மோசமாகத் தெரியாது. பசையையும் எனாமல் பெயின்டையும் கிட்டோடு சேர்த்து வெளிநாட்டில் ஆர்டர் செய்யாதீர்கள். எரியக்கூடிய திரவங்களை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் மொத்தப் பொட்டலமும் தடைபடலாம்.

பெட்டி வந்த அன்றே திறந்துவிடுங்கள், கட்டுவது அடுத்த ஆண்டாக இருந்தாலும். செய்முறைத் தாளின் பாக வரைபடத்தை விரித்து, பாகங்கள் கோத்த ஒவ்வொரு பிளாஸ்டிக் சட்டத்தையும் அதன் எழுத்துப்படி டிக் செய்யுங்கள். மேல் உடலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். வளைந்திருந்தால் அப்போதே தெரியும். கோடை வெயிலில் நின்ற லாரியில் வந்த பெட்டிகளில் இந்த வளைவை நான் பார்த்திருக்கிறேன். பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வருகிறதா, ஒரே துண்டா என்பதையும் பாருங்கள். இரண்டு பாதி என்றால் தையலைத் தேய்க்கும்போது குழலின் வட்டம் கெட்டுவிடாமல் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும்.

டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தாளை மெல்லிய காகிதத்தோடு சேர்த்து மூடியிருப்பார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அந்தக் காகிதம் டெக்காலோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தனியாக எடுத்து, ஜிப் உறையில் போட்டு, சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு புத்தகத்துக்குள் வையுங்கள். அதில் உள்ள படைப்பிரிவுச் சின்னங்களை உங்கள் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றின் பட்டியலை அன்றே எழுதிவிடுங்கள். டெக்கால் மட்டும் விற்பவர்களிடம் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். மேல் உடலை ஒட்டுமுன் அவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.